அப்பாவை யார் பார்த்துக்கொள்வது? ஃபர்ஹாதியின் ‘எ செப்பரேஷன்’ நடத்தும் வழக்கு

கணவனும் மனைவியும் அருகருகே உட்கார்ந்து நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள். நீதிபதியின் குரல் மட்டும் கேட்கிறது, முகம் தெரியவில்லை. அவர் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் காமிரா இருக்கிறது. ஒன்றரை ஆண்டு அலைந்து வாங்கிய விசா இன்னும் நாற்பது நாளில் காலாவதியாகிவிடும், மகளை இந்தச் சூழலில் வளர்க்க விருப்பமில்லை என்கிறாள் சிமின். எந்தச் சூழலில் என்று நீதிபதி கேட்டதும் வாய் மூடிக்கொள்கிறாள். அல்சைமர் நோயோடு இருக்கும் அப்பாவை விட்டுவிட்டு வர முடியாது என்கிறான் நாதேர். நீ மகன் என்பதாவது அவருக்குத் தெரிகிறதா என்று அவள் மடக்குகிறாள். அவர் அப்பா என்பது தனக்குத் தெரிகிறதே என்று அவன் திருப்பிக் கொடுக்கிறான். நீதிபதிக்கு இது அற்பப் பிரச்சினை. மணமுறிவு கேட்க இந்தக் காரணம் போதாது.

ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘எ செப்பரேஷன்’ இப்படித் தொடங்குகிறது. 2011 பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது பெற்ற படம் இது. அதே விழாவில் சிறந்த நடிகைக்கான விருது படத்தின் நடிகைகள் அனைவருக்குமாகவும், சிறந்த நடிகருக்கான விருது நடிகர்கள் அனைவருக்குமாகவும் சேர்த்து வழங்கப்பட்டது. 2012-இல் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரை வென்றது. ஈரானுக்கு அது முதல் ஆஸ்கர். சிமினாக லெய்லா ஹாதமியும் நாதேராக பெய்மான் மோஆதியும் நடித்தார்கள். மகள் தெர்மேயாக நடித்தவர் இயக்குநரின் சொந்த மகள் சாரினா.

படத்தைப் பற்றி எழுதியவர்களில் பலர் அதை உண்மைக்கும் பொய்க்கும் இடையிலான கதையாகவே வாசித்தார்கள். யார் பொய் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்று துப்பறியும் கதையைப்போல முடிச்சுகள் அவிழ்வதால் அந்த வாசிப்பு இயல்பாக அமைந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு பொய்யையும் பின்தொடர்ந்து போனால் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: நினைவிழந்த ஒரு முதியவரின் படுக்கை. அவரைக் கழுவித் துடைத்து, கண் வைத்துக் காக்கும் வேலை யார் தலையில் விழுகிறது? இந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் நேரான பதில் இல்லாமல் போவதுதான் படத்தின் அத்தனை விபரீதத்துக்கும் வேர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் பார்க்கும் குடும்பம்

முதல் காட்சியின் கனத்தை உணர ஈரானின் குடும்பச் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மணவிலக்கில் ஆணுக்கு உள்ள உரிமை பெண்ணுக்கு இல்லை. கணவன் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் இந்த மணவாழ்வு தாங்க முடியாத துன்பம் என்று அவள் நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். சிமினுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. நாதேர் அடிப்பவன் அல்லன், குடிப்பவன் அல்லன், நல்ல மனிதன் என்று அவளே சொல்லிவிடுகிறாள். பிரிந்து போக அவன் சம்மதிக்கிறான், மகளை அனுப்பத்தான் மறுக்கிறான். தகப்பன் அனுமதியின்றி மகளை நாட்டைவிட்டு அழைத்துப் போக முடியாது.

இதே நீதிமன்றங்களுக்குள் நுழைந்து எடுக்கப்பட்ட ஆவணப்படம் ஒன்று உண்டு. மானுடவியலாளர் ஸீபா மிர்-ஹொசைனியும் பிரிட்டிஷ் இயக்குநர் கிம் லாங்கினாட்டோவும் சேர்ந்து உருவாக்கிய ‘டைவர்ஸ் இரானியன் ஸ்டைல்’, 1998. டெஹ்ரான் குடும்ப நீதிமன்றத்தில் பெண்கள் கெஞ்சுகிறார்கள், வாதாடுகிறார்கள், சட்டத்தின் சந்துபொந்துகளைத் தேடிப் பிடிக்கிறார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு சிமினின் படபடப்பு புதிதாகத் தோன்றாது.

சட்டத்தின் வேறு இரண்டு பிரிவுகள் இங்கே முக்கியமானவை. முதியவரைப் பராமரிக்கும் கடமையை ஈரானின் குடிமைச் சட்டம் நேர்வழி இரத்த உறவுக்கே விதிக்கிறது. வசதி இல்லாத பெற்றோருக்குப் பிள்ளை பொறுப்பு. மருமகளுக்குச் சட்டப்படி எந்தக் கடமையும் கிடையாது. இன்னொன்று, 1992-இல் மணவிலக்குச் சட்டத்தில் வந்த திருத்தம். இல்லறத்தில் மனைவி செய்த வேலைக்கு மணவிலக்கின்போது கூலி கணக்கிட்டுக் கேட்கலாம் என்று அது வழி செய்தது. ஆனால் மணவிலக்கை அவளே கேட்டிருக்கக் கூடாது. முதல் பிரிவின்படி மாமனாரைப் பார்ப்பது சிமினின் கடமை ஆகாது. இரண்டாவதன்படி, விலக்குக் கேட்டு முன்வந்தவள் அவள் என்பதால், செய்த வேலைக்குக் கூலியும் கேட்க முடியாது. கடமைப் பட்டியலிலும் கூலிப் பட்டியலிலும் இடமில்லாத ஒரு வேலையை அவள் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

காலியான இடம்

எந்த அளவுக்குச் செய்தாள் என்பதைப் படம் காட்டுவதில்லை. அவள் வீட்டைவிட்டுக் கிளம்பும் நாளில்தான் ஆள் பேசப்படுகிறது என்பதை வைத்து நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். பெட்டியோடு புறப்படுகிறவளின் கையைப் பிடித்துக்கொண்டு முதியவர் விடமாட்டேன் என்கிறார். மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத வாய் மருமகளின் பெயரைச் சொல்கிறது. அவள் போன பிறகு, துணி துவைக்கும் இயந்திரத்தை எப்படி வைப்பது என்று தகப்பன் மகளிடம் கேட்கும் நிலை.

இங்கே ஃபர்ஹாதியிடமும் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. நாதேரின் பராமரிப்புக்கு மறக்க முடியாத ஒரு காட்சியைக் கொடுக்கிறார். அப்பாவைக் குளியலறையில் உட்காரவைத்து முதுகு தேய்க்கிறான். தேய்த்துக்கொண்டே இருக்கும்போது உடைந்து, அந்த முதுகிலேயே தலை சாய்த்து அழுகிறான். மகன் தகப்பனைக் குளிப்பாட்டும் இந்தப் படிமத்திலிருந்தே படம் தன்னிடம் தோன்றியதாக ஃபர்ஹாதி நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். அந்த அன்பைச் சந்தேகிக்க இடமில்லை. ஆனால் சிமின் செய்த பணிவிடைக்கு அப்படி ஒரு காட்சிகூட இல்லை. மகன் செய்தால் தியாகம், மருமகள் செய்தால் வழக்கம் என்கிற கணக்கைப் படத்தின் கண்ணும் ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவள் வெறும் பிடிவாதக்காரியாகத் தெரிகிறாள் என்று சில பார்வையாளர்கள் குறைப்படுவதற்கு இந்த விடுபடலும் காரணம்.

உலக அளவில் கணக்கு வேறு விதமாக இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-இல் 5.7 கோடிப் பேர் டிமென்ஷியாவோடு வாழ்ந்தார்கள். அவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். இவர்களைப் பராமரிக்கச் செலவாகும் மணிநேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது. 2019-இல் இந்நோய்க்கு ஆன உலகச் செலவு 1.3 லட்சம் கோடி டாலர் என்று கணக்கிட்டவர்கள், அதில் சுமார் பாதி குடும்பத்தாரும் நண்பர்களும் கூலியின்றிச் செய்யும் வேலையின் மதிப்பு என்றார்கள்.

ஈரானில் இன்னொரு நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறுக்கு மேல் இருந்த பிள்ளைப்பேறு, இருபது ஆண்டுகளுக்குள் இரண்டையொட்டி இறங்கிவிட்டது. இவ்வளவு வேகமான சரிவை அதிக நாடுகள் கண்டதில்லை. முதுமையில் தாங்க நிறையப் பிள்ளைகள் இருந்த காலம் போய், ஒற்றைப் பிள்ளையும் அடுக்குமாடி வீடும் நடுத்தர வர்க்கத்தின் இயல்பாயின. நாதேருக்கும் சிமினுக்கும் ஒரே மகள். வங்கி வேலைக்குப் போகும் மகனுக்கு ஆள் வைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

கூலிக்கு வந்தவள்

அப்படி வருகிறவள் ரஸியே. நகரின் விளிம்பிலிருந்து நெடுந்தூரம் பேருந்தில் வரவேண்டும். பேசிய சம்பளம் போதாது என்கிறாள். ஆனாலும் வேலையை விட முடியாத நிலை. கணவன் ஹொஜ்ஜத் வேலை இழந்தவன், கடன்காரர்களுக்குப் பயந்து திரிகிறவன். மனைவி இன்னொரு ஆண் தனியாக இருக்கும் வீட்டில் வேலை செய்வது அவனுக்குத் தெரியாது. கூடவே சின்ன மகள் சொமயே. வயிற்றில் ஒரு குழந்தை வேறு.

முதல் நாளே முதியவர் உடையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறார். நீங்களே மாற்றிக்கொள்கிறீர்களா என்று ரஸியே கெஞ்சிப் பார்க்கிறாள். அவருக்கு எதுவும் புரியவில்லை. அந்நிய ஆணின் உடலைத் தொடுவது அவள் நம்பிக்கைப்படி விலக்கப்பட்டது. தொலைபேசியை எடுத்து மார்க்க விளக்கம் சொல்லும் அலுவலகத்தை அழைக்கிறாள். முதியவர், நினைவில்லாதவர், வேறு ஆள் இல்லை. கழுவி விட்டால் பாவமாகுமா? பாவமில்லை என்று பதில் வந்த பிறகுதான் அவர் பக்கத்தில் போகிறாள். அப்பாவிடம் சொல்லமாட்டேன் என்று சின்ன மகள் தானாகவே வாக்குக் கொடுக்கிறாள். நான்கைந்து வயதுக் குழந்தை ஒரு பெரிய ரகசியத்துக்குப் பங்காளி ஆகிவிடுகிறது.

மதநம்பிக்கையை ஏளனம் செய்யும் காட்சியாக இதைப் பார்ப்பது தவறு. நோயாளியின் உடலை அந்நியர் கையில் ஒப்படைக்கும்போது எழும் கூச்சம் எல்லாச் சமூகத்துக்கும் உரியது. ரஸியே அதை மனத்துக்குள் புதைக்காமல் வாய்விட்டுக் கேட்கிறாள். நாதேருக்கோ அப்படி ஒரு கேள்வி இருப்பதே தோன்றவில்லை. அப்பாவுக்கு மருந்து எப்போது, சாப்பாடு எப்போது என்று சொல்லத் தெரிந்தவன், இந்த வேலை இன்னொருத்தியின் உடம்பிலும் மனசிலும் என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை.

ஈரானியத் திரைக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. உறவல்லாத ஆணும் பெண்ணும் தொட்டுக்கொள்வதைக் காட்டக் கூடாது. பெண்கள் வீட்டுக்குள்ளும் தலையை மூடியிருக்க வேண்டும். அதனால் ரஸியேயின் தயக்கமும் இயக்குநரின் கட்டாயமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அவளால் தொட முடியாததைக் காமிராவாலும் காட்ட முடியாது. தணிக்கையைச் சுற்றிக்கொண்டு போகாமல், அதையே கதையின் பொருளாக்கிவிட்டார் ஃபர்ஹாதி.

கயிறு

ஒரு நாள் முதியவர் செய்தித்தாள் வாங்கப் புறப்பட்டுவிடுகிறார். நெரிசலான சாலையில் அவரைத் தேடி ரஸியே ஓடுகிறாள். வாகனங்களுக்கு நடுவே அவர் நிற்பதைக் காண்கிறோம். காட்சி அங்கேயே வெட்டப்படுகிறது. மறுநாள் அவருடைய கையைக் கட்டிலோடு கட்டி, வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போகிறாள். நாதேரும் தெர்மேயும் திரும்பிவந்தபோது அவர் தரையில் விழுந்து கிடக்கிறார். உயிர் இருக்கிறதா என்று தெரியாமல் மகன் பதறும் அந்த நிமிடங்கள் படத்தின் ஆகக் கொடிய நிமிடங்கள்.

கட்டிப்போட்டது கொடுமை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கயிறுவரை வந்த வழியையும் பார்க்க வேண்டும். நோயாளி வீட்டைவிட்டு வெளியேறி அலைவது டிமென்ஷியாவில் அடிக்கடி காணும் நடத்தை. பழைய அன்றாடம் உடம்பில் தங்கிவிடுகிறது. பேப்பர் வாங்கப் போவது அவருடைய பல்லாண்டுப் பழக்கமாக இருந்திருக்கலாம். அதற்குத் தக்கபடி கதவையும் நாளையும் அமைத்துக்கொள்ளலாம், அவரோடு நடந்துபோய் வரலாம். இவற்றை ரஸியேக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தனக்கு உடம்பு சரியில்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றால் பதிலுக்கு நிற்க ஆள் இல்லை. விடுப்பு என்ற பேச்சே இல்லாத வேலை அது. முந்தைய நாள் சாலையில் முதியவரைக் காப்பாற்றப் போய்த் தான் வாகனத்தில் அடிபட்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை; நமக்கும் அது வெகுநேரம் கழித்தே தெரிகிறது.

1980-இல் ஸ்டீவன் ஸாரிட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு இங்கே பொருந்தும். நினைவிழந்த முதியவர்கள் 29 பேரையும், அவர்களைப் பராமரிக்கும் 29 பேரையும் வைத்துச் செய்தது. பராமரிப்பவர் உணரும் சுமை எதைப் பொறுத்துக் கூடுகிறது? நோயின் கடுமையைப் பொறுத்து என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் மறதியின் அளவோ தொல்லை தரும் நடத்தைகளோ அதைத் தீர்மானிக்கவில்லை. மற்ற உறவினர்கள் எத்தனை முறை வந்து பார்க்கிறார்கள் என்பதே சுமையைக் குறைத்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் பராமரிப்புச் சுமையை அளக்க இன்றும் பரவலாகப் பயன்படும் கேள்வித்தாள் அதிலிருந்து பிறந்தது. நாதேரின் வீட்டுக்கு அப்படி வந்து எட்டிப்பார்க்கும் உறவு என்று எவரும் தென்படுவதில்லை.

எண்ணத் தெரிந்த நீதி

கோபத்தில் நாதேர் ரஸியேமேல் திருட்டுப் பழியும் சுமத்துகிறான். அலமாரிப் பணம் குறைந்திருக்கிறது. அதைச் சிமின் பியானோவை இறக்கிய கூலியாட்களுக்குக் கொடுத்திருக்கிறாள் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ரஸியேயை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறான். அவள் விழுந்தாளா, எப்படி விழுந்தாள் என்று காமிரா காட்டுவதில்லை. கரு கலைகிறது. நாலரை மாதம் கடந்த கரு என்பதால் கொலை வழக்கு. நிரூபணமானால் ஒன்று முதல் மூன்று ஆண்டுச் சிறை. அவள் கர்ப்பிணி என்று நாதேருக்குத் தெரிந்திருந்ததா என்பதே இனிப் பெரிய கேள்வி.

இந்த இரண்டாம் பாதியில் எல்லாம் எண்ணப்படுகிறது: கருவின் வாரங்கள், படிக்கட்டில் விழுந்த திசை, இரத்தப் பணத்தின் தொகை. நீதிபதியாக வரும் பாபக் கரிமியின் பாத்திரம் கொடியவர் அல்லர், சலிப்போடு நியாயம் தேடும் அதிகாரி. ஆனால் அவருடைய மேசைக்கு வரும் தாள்களில் முதியவருக்கு ஒரு வரியும் இல்லை. ரஸியேமேல் எதிர்வழக்குப் போட, அப்பாவின் உடலில் உள்ள காயங்களுக்கு மருத்துவச் சான்று வாங்க நாதேர் அவரை அழைத்துப் போகிறான். சட்டையைக் கழற்றத் தொடங்கியவன் நிறுத்திவிடுகிறான். பொத்தான்களைத் திரும்பப் போட்டு அழைத்துவந்துவிடுகிறான். தகப்பனின் உடம்பைத் தடயப்பொருளாக ஆக்க அந்த மகனுக்கு மனம் வரவில்லை. படத்தில் நாதேரிடம் மிகவும் மதிப்பு ஏற்படும் இடம் அது.

அதே நாதேர்தான், ரஸியே கர்ப்பிணி என்று தெரிந்திருந்தும் தெரியாது என்று பொய் சொன்னவன். உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட மகளிடம், நீ சொன்னால் போய் ஒப்புக்கொள்கிறேன் என்று முடிவை அவள் கையில் திணிக்கிறான். பதினொரு வயது தெர்மே நீதிபதி முன் அவனுக்காகப் பொய் சொல்கிறாள். மாமனாரைத் தாங்கிய சிமினின் வேலை ரஸியேக்குப் போனது. வேலையால் வந்த வினை இப்போது குழந்தையின் தோளுக்கு வந்துவிட்டது. வழக்கைக் கைவிடச் சமரசப் பணத்தைக் கொடுக்கும் வேளையில், கரு கலைந்தது என்னால்தான் என்று குர்ஆன்மேல் சத்தியம் செய் என்று நாதேர் கேட்க, ரஸியே மறுத்துவிடுகிறாள். கரு சிதைந்தது சாலை விபத்தினாலா, கதவு தள்ளலினாலா என்று அவளுக்கே உறுதியில்லை. பணம் அவ்வளவு தேவைப்படும் ஒருத்தி, தன் பிள்ளைக்குத் தீங்கு வருமோ என்ற அச்சத்தில் அதைக் கைவிடுகிறாள்.

நோய் யாருடைய கதை?

டிமென்ஷியாவை மையமாக வைத்த புகழ்பெற்ற படங்கள் வேறு வழிகளில் போயின. சாரா பாலியின் ‘அவே ஃப்ரம் ஹெர்’ (2006), நினைவு மங்கும் மனைவியைக் காப்பகத்தில் விட்ட கணவனின் மனத்தைப் பின்தொடர்ந்தது. ஃப்ளோரியன் ஸெல்லரின் ‘தி ஃபாதர்’ (2020), நோயாளியின் குழம்பிய மண்டைக்குள்ளேயே நம்மை உட்காரவைத்தது. இரண்டிலும் நோய் இருவரின் அல்லது ஒருவரின் அந்தரங்கத் துயரம். செலவும் ஆள்பலமும் அங்கே பெரிய கேள்விகள் இல்லை. ஃபர்ஹாதி மட்டும் நோயை ஒரு வேலையாகப் பார்த்தார். வேலை என்று பார்த்ததும் கூலி, வர்க்கம், சட்டம், மார்க்கம் எல்லாம் தாமாகவே உள்ளே வந்துவிட்டன.

இந்த வாசிப்புக்கு மறுப்பும் சொல்லலாம். சண்டையின் உண்மையான காரணம் வெளிநாடு போவதா இல்லையா என்பது, அப்பா ஒரு சாக்கு மட்டுமே என்று வாதிடலாம். படமே அதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறது. கடைசி நீதிமன்றக் காட்சியில் மூவரும் கறுப்பு உடையில் வருகிறார்கள். முதியவர் இறந்துவிட்டார் என்று ஊகிக்க அது போதும். யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. நாதேர் நாட்டைவிட்டுப் போகாமலிருக்கச் சொன்ன ஒரே காரணம் மறைந்துவிட்டது. அப்படியும் மணமுறிவு நடக்கிறது. ஈரானியச் சட்டப்படி ஏழு வயதுக்கு மேல் பிள்ளையின் பாதுகாப்பு தகப்பனுக்கு; பெண் பருவ வயது எட்டினால் தானே தேர்ந்துகொள்ளலாம். யாரோடு போவது என்ற தேர்வு அதனால் தெர்மேயிடம் வருகிறது. அவள் பதிலைச் சொல்வதற்கு முன்பே படம் முடிந்துவிடுகிறது.

அப்படியானால் அப்பா சாக்குதானா? அவர் இருந்தவரை அந்தச் சாக்குக்குப் பின்னால் ஒரு கணக்கு நேர் செய்யப்படாமலே கிடந்தது. இந்த வேலையை நான் எத்தனை நாள் செய்வேன், நீ எத்தனை நாள் செய்வாய், செய்கிறவளுக்கு என்ன ஈடு என்று அவர்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை. நாதேர் அதைப் பாசம் என்று பேசினான், சிமின் மகளின் எதிர்காலம் என்று பேசினாள். இரண்டுமே பெரிய விஷயங்கள் என்பதால் யாராலும் விட்டுக்கொடுக்க முடியவில்லை. வேலை என்று பேசியிருந்தால் பங்கு பிரித்திருக்கலாம், கூலியைக் கூட்டியிருக்கலாம், ரஸியேக்கு ஒரு நாள் விடுப்பாவது கொடுத்திருக்கலாம். பாசத்தைப் பங்கு வைக்க எந்த நீதிமன்றத்துக்கும் தெரியாது. பராமரிப்பைப் பங்கு வைப்பதோ ஒரு குடும்பமும் ஓர் அரசும் மனம்வைத்தால் செய்யக்கூடிய காரியம். அதைச் செய்யாமல் விட்டதற்கான விலையைத்தான் ‘எ செப்பரேஷன்’ இரண்டு மணி நேரம் கணக்குக் காட்டுகிறது.